எத்தனை மெகாவாட்னு கேட்டது போதும்... எத்தனை மணிக்குன்னு கேளுங்க!



கரன்ட் பத்தின சண்டை நம்ம டைம்லைன்ல வருஷம் தவறாம வருது. ஏப்ரல், மே வந்தா மின்வெட்டு மீம். ஆடி மாசம் வந்தா "காற்றாலையில் தமிழ்நாடு முன்னோடி"ன்னு போஸ்டர். போஸ்டர் பொய் இல்லை. 1986லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை போட்ட மாநிலம் இது. இன்னைக்கு காற்றாலை நிறுவுதிறன் மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல். 2016ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தப்போ உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, 2024 மே 2 அன்று நம் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட். காற்றாலையும் சோலாரும் இவ்வளவு இருக்கும்போது, சாயங்காலம் ஏன் மின்சந்தையில் காசு கொடுத்து வாங்குறோம்? அதுவும் யூனிட்டுக்கு 10 ரூபாய்ங்கிற உச்சவரம்பு வரைக்கும் விலை ஏறுற நேரத்தில்?

இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பு ஐடிக்காரங்க சொல்ற பதில் "ஊழல்". நம்ம ஆளுங்க சில பேர் சொல்ற பதில் "காத்தாடியை நம்பினா இப்படித்தான்". ரெண்டுமே கணக்குப் போடாம சொல்ற பதில்.

கணக்கு என்னன்னு பார்ப்போம்.

மின்சாரத்தை அரிசி மூட்டை மாதிரி குடோன்ல அடுக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் தேவையும் சமமா இருக்கணும். அப்படி இருந்தாத்தான் கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிக்கும். தேவை கூடினா அது இறங்கும், உற்பத்தி கூடினா ஏறும். ரொம்ப விலகினா கிரிட்டே விழுந்துடும். அதனால்தான் இந்தியாவில் மின் உற்பத்தி அட்டவணையை ஒரு நாளைக்கு 96 துண்டாப் போடுறாங்க. ஒவ்வொரு துண்டும் 15 நிமிஷம்.

இப்ப ஒரு கற்பனை ஊரை எடுத்துக்குங்க. ஒரு நாளைக்கு அந்த ஊருக்குத் தேவை 100 யூனிட். சோலாரும் காற்றாலையும் சேர்ந்து தர்றதும் 100 யூனிட். போஸ்டர் கணக்குல "100% பசுமை மின்சாரம்". கைதட்டலாம்.

மணிக்கணக்கு பாருங்க. பகல்ல வர்றது 70 யூனிட், பகல் தேவை 40தான். 30 மிச்சம். சாயங்காலமும் ராத்திரியும் வர்றது 30 யூனிட், தேவை 60. அங்க 30 பற்றாக்குறை. பகல் மிச்சத்தைச் சேமிக்கலைன்னா, பகல்ல "உற்பத்தியை நிறுத்து"ன்னு சொல்லணும், ராத்திரி வெளியில வாங்கணும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்றது இதைத்தான்.

சேமிச்சா? 80 சதவீதம் திரும்பக் கிடைக்கிற சேமிப்புன்னு வச்சுக்குங்க. 30 போட்டா 24 வரும். இன்னும் 6 குறையும்.

ஆனா அந்த ஊர்ல ராத்திரி ஓடுற பம்புசெட், தண்ணித் தொட்டி மோட்டார்னு 20 யூனிட் வேலையைப் பகலுக்கு மாத்தினா? மிச்சம் 10, பற்றாக்குறையும் 10. சேமிப்புல 10 போட்டு 8 எடுத்தா, குறையறது வெறும் 2. ஒரு சோலார் பலகைகூடப் புதுசா வைக்கலை. சேமிப்பும் மூணுல ஒரு பங்கு போதும்.

இதுக்குப் பேர்தான் நெகிழ்வுத்தன்மை. சூரியனும் காத்தும் நம்ம பேச்சைக் கேட்காது, அதனால மத்ததெல்லாம் வளைஞ்சு கொடுக்கணும். எதெது, எவ்வளவு, எவ்வளவு வேகமா வளையும்னு கணினியில் மணிக்கு மணி ஓட்டிப் பார்க்குறதுதான் மாடலிங். வருஷ சராசரியை வச்சுத் திட்டம் போட்டா மேலே பார்த்த போஸ்டர் கணக்குதான் வரும்.

நம்மகிட்ட வளையக்கூடியது என்னென்ன இருக்கு?

தண்ணீர்: ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் மிச்சமா இருக்கும்போது கீழ இருக்கிற தண்ணியை மேல ஏத்தி வச்சு, தேவைப்படும்போது இறக்கி கரன்ட் எடுக்குற நிலையம். 1980களின் கடைசியிலேயே வந்தது. அதுக்கு அடுத்ததா நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட் திட்டம். நடுவுல எத்தனை ஆட்சி மாறிச்சுன்னு எண்ணிப் பாருங்க. காற்றாலை ஆயிரக்கணக்கில் ஏறினப்போ, அதைத் தாங்குற சேமிப்பு அந்த வேகத்துல ஏறலை.

பேட்டரி: தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பரில் புயலடிச்சு மாநிலம் முழுக்க இருட்டாச்சு. அடுத்த வருஷமே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. கலிபோர்னியா 2024ல் 10,000 மெகாவாட் பேட்டரியைத் தாண்டிடுச்சு. மதிய சோலாரை அங்க சாயங்காலத்துக்கு எடுத்துட்டுப் போறது இந்தப் பேட்டரிகள்தான்.

அனல் மின் நிலையம்: மத்திய மின்சார ஆணையம் 2023ல் விதி கொண்டுவந்தது. நிலக்கரி யூனிட்டுகள் படிப்படியா 40 சதவீத சுமை வரைக்கும் இறங்கி ஓடத் தயாராகணும். பழைய யூனிட்டுகளுக்கு இது தேய்மானம், செலவு. எந்த யூனிட்டை இறக்குறது, எதை மூடுறதுன்னு மாடல் இல்லாம முடிவு பண்ண முடியாது.

கம்பிவழி: சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து கரூர் புகளூர் வரைக்கும் 6,000 மெகாவாட் நேர்மின் தடம் இருக்கு. காத்து சீசன்ல இங்கிருந்து வடக்கே அனுப்பவும் உதவும்.

கடைசியா, மலிவானது: தேவையையே நகர்த்துறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்பு இருக்கு. ராத்திரியில மும்முனை மின்சாரம் வரும்னு டார்ச் எடுத்துட்டு, பாம்புக்குப் பயந்துட்டு வரப்புல நடக்குற விவசாயியைக் கேளுங்க, பகல்ல கொடுத்தா வேண்டாம்னு சொல்வாரா? குஜராத் விவசாய ஃபீடரைத் தனியாப் பிரிச்சு, 2020ல் பகல்நேர விநியோகத் திட்டமும் கொண்டுவந்தது. எந்தக் கட்சி அரசு செஞ்சதுன்னு பார்க்க வேண்டாம், நல்லதுன்னா எடுத்துக்கலாம். இலவச மின்சாரம் இலவசமாவே இருக்கட்டும், நேரம் மட்டும் மாறட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். "நேரத்துக்கு ஏத்த கட்டணம்"னு மத்திய அரசின் 2023 விதி வந்திருக்கு. பகல் சூரிய நேரத்துல 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்துல கூடுதல். தொழிற்சாலைக்கு இது சரி, ஷிப்டை மாத்திக்கலாம். ஆனா ஒரே ரூம் வீட்ல ராத்திரி ஓடுற ஃபேனை மதியத்துக்கு மாத்த முடியுமா? வளைய முடிஞ்சவங்கதான் வளையணும். பம்புசெட், உள்ளாட்சித் தண்ணித் தொட்டி, குளிர்பதனக் கிடங்கு, மின்சாரப் பேருந்து டிப்போ, இவையெல்லாம் முதல்ல. சாமானியன் வீட்டு மீட்டர் கடைசியில.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். "பேட்டரி வச்சா எல்லாம் முடிஞ்சுது"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. சில மணிநேரப் பேட்டரி இன்னைக்கு மதியத்தை இன்னைக்கு ராத்திரிக்குத்தான் கொண்டு போகும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், சரி. அந்தக் காத்தைக் கார்த்திகைக்கும் மாசிக்கும் பேட்டரியில் கொண்டு போக முடியாது. காற்றாலைக்கு "பேங்கிங்" வசதின்னு ஒண்ணு இருக்கே, அதுவும் கணக்குப் புத்தக வரவுதான், உள்ளே நிஜமா மின்சாரம் கிடையாது. சீசன்ல போட்ட யூனிட்டை வேற மாசம் திருப்பிக் கேட்டா, அந்த நேரத்துல வாரியம்தான் எங்கேயாவது உற்பத்தி பண்ணியோ வாங்கியோ கொடுக்கணும். அதனால நொடி, 15 நிமிஷம், ஒரு நாள், ஒரு சீசன்னு நாலு அளவிலும் தனித்தனியாக் கணக்குப் போடணும்.

மின்வாரியத்தின் கடன் 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டினது. அந்தச் சுமை ஒருநாள் உங்க வீட்டு பில்லாத்தான் வரும். அதனால ஆட்சியில யார் இருந்தாலும், நாமளே இருந்தாலும், கேட்க வேண்டியது இது:

1. ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் தேவை, உற்பத்தி, நிறுத்திவைத்த சோலார், காற்றாலை அளவு, வாங்கின விலை, எல்லாத்தையும் பொதுவெளியில் வைக்கணும்.

2. அடுத்த 10 வருஷத் திட்டத்தை மணிக்கணக்கு மாடலோட வெளியிடணும். நம்ம பொறியியல் கல்லூரி மாணவர்கள் அதை ஓட்டிச் சரிபார்க்கட்டும்.

3. புதுசா எத்தனை மெகாவாட் சோலார்னு அறிவிக்கும்போதே, கூடவே எவ்வளவு சேமிப்புன்னும் அறிவிக்கணும்.

4. விவசாய ஃபீடர் பிரிப்பும் பகல்நேர மும்முனை மின்சாரமும் தேதி குறிச்சு நடக்கணும்.

நம்ம பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எவனாவது "இத்தனை ஆயிரம் மெகாவாட் கொண்டுவந்தோம்"னு போட்டா, திட்ட வேண்டாம். கீழே ஒரே ஒரு கமெண்ட் போடுங்க: "ராத்திரி 8 மணிக்கு எவ்வளவு?"

நம்ம தலைவர்கள் மேடையில மெகாவாட் சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்க. பதில் தயாரா வச்சுக்கிட்டுப் பேசுற கட்சியா நாம இருக்கணும்.

கணக்குல தப்பிருந்தா கமெண்ட்ல வாங்க, பேசுவோம். சரின்னு பட்டா உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்க.

#ராத்திரி_8_மணிக்கு_எவ்வளவு
#பகலில்_மும்முனை_மின்சாரம்

– தகவல் தொழில்நுட்ப அணி