தானியங்கியிலிருந்து நூற்பாவிற்கு: தமிழ்ச் சொல்லாக்கப் பகுப்பாய்வில் ஒரு தேவை

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களை முறைசார் மொழிக் கோட்பாட்டின்வழி ஆராய்ந்து, அவற்றுக்கு அணி இலக்கணங்களை வகுத்தனர். வரைபடமாக இருந்த மரபறிவு எழுத்தில் அமைந்த விதியாயிற்று. விதியானதால் பிறரால் சோதிக்கப்படத் தக்கதுமாயிற்று. தமிழ்ச் சொல்லாக்கத்தைக் கணினிக்குக் கற்பிக்கும் இன்றைய ஆய்வுகளுக்கும் இப்படிநிலை இன்றியமையாதது.

பெயர், வினைத் திரிபுகளைப் பகுக்கும் கருவிகள் பலவும் முடிவுறு தானியங்கி என்னும் அமைப்பில் இயங்குகின்றன. நிலைகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் கொண்ட அவ்வமைப்பு எந்திரத்திற்கு ஏற்றது. ஆயின் நூற்றுக்கணக்கான நிலைகளை உடைய வரைபடத்தை இலக்கண அறிஞர் படித்துப் பிழை காண்பது அரிது. எந்த முடிவுறு தானியங்கியையும் அதற்கு நிகரான ஒழுங்குக்கோவையாக, அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, எழுதலாம் என 1956இல் கிளீனி நிறுவினார். ஒரு நிலையை நீக்கி, அதன்வழிச் சென்ற பாதைகளை எஞ்சிய அம்புகளின்மேல் எழுதிக்கொண்டே செல்வது நிலைநீக்க முறை ஆகும்.

மரம் போன்ற மகர ஈற்றுப் பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். ஐ, ஆல் உருபுகளை மட்டும் கருதி, புணர்ச்சி விகாரங்களை விடுத்தால், ஒரு தானியங்கியிலிருந்து பின்வரும் கோவை கிடைப்பதாகக் கொள்வோம்: பெயர் (கள்)? (அத்து)? (ஐ | ஆல்)?. இங்கு வினாக்குறி வந்தும் வராமலும் அமைவதையும், நெடுங்கோடு ‘அல்லது’ என்பதையும் குறிக்கும். இக்கோவை ‘மரங்களத்தை’, ‘மரமை’ என்னும் வழுக்களையும் ஏற்கிறது. பன்மை விகுதிக்குப் பின் அத்துச் சாரியை வாராது என்பதை அறிந்தவர் ஒரு வரியிலேயே இதனைக் கண்டுகொள்வர். வரைபடத்தில் அதே பிழை அம்புகளிடையே மறைந்துவிடும்.

திருத்திய தானியங்கியில் சாரியை, பன்மை நிலைகளை முதலில் நீக்கினால், பெயர் ((அத்து | கள்) (ஐ | ஆல்) | கள்)? எனக் கிடைக்கும். வேற்றுமை நிலையை முதலில் நீக்கினால், பெயர் (அத்து (ஐ | ஆல்) | கள் (ஐ | ஆல்)?)? என அமையும். இரண்டும் ஏற்கும் சொற்கள் ஒன்றே. எனினும் முன்னது உருபை மையமாக்குகிறது. பின்னது ஒருமை பன்மைப் பாகுபாட்டைக் காட்டுகிறது. எதனை எழுதுவது என்பது கணிதத்தால் முடிவாவதன்று. அஃது இலக்கண நோக்கால் தீர்மானிக்கத்தக்கது. தமிழ்த்துறையின் பங்கு தொடங்குமிடம் இதுவே.

இரு வடிவங்களும் நிகரானவையாதலால் மாற்றம் வீண்வேலை எனச் சிலர் கூறலாம். நிகர்மை எந்திரத்திற்கே உரியது, படிப்பவர்க்கு அன்று. சில தானியங்கிகளின் கோவை, நிலைகளின் எண்ணிக்கையோடு அடுக்குக்குறி வேகத்தில் நீளும் என்பது வலுவான தடையாகும். எனவே முழுக் கருவியையும் ஒரே கோவையாக்கக் கோருவது பொருந்தாது. ஈறுவாரியாகவும் வாய்பாடுவாரியாகவும் பிரித்த சிறு தானியங்கிகளுக்கு இத்தடை பெரும்பாலும் எழாது. நன்னூல் பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்திருப்பது அப்பிரிப்பிற்கு ஆயத்தமான அடித்தளமாகும்.

ஆகவே, சொல்லாக்கப் பகுப்பான்களைப் பற்றிய கட்டுரைகளை மதிப்பிடும் தமிழாய்விதழ்கள், துல்லிய விழுக்காட்டோடு அமையாமல், ஒவ்வொரு வாய்பாட்டிற்கும் உரிய ஒழுங்குக்கோவையையும் நீக்க வரிசையையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். விழுக்காடு எத்தனை சொற்கள் பிழைத்தன எனக் கூறும். எந்த விதி பிழைத்தது என்பதைக் கோவையே காட்டும். அதனைப் படித்துச் சொல்லும் தகுதி தமிழ்த்துறைகளிடம் உள்ளது. படிக்கத்தக்க வடிவில் அது அவர்கள் முன் வைக்கப்படல் வேண்டும்.