சமநிலை போதும் என்றபோது

1985ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், மாஸ்கோவில் உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான 24ஆவது, இறுதி ஆட்டம் நடைபெற்றது. 22 வயது கேரி காஸ்பரோவ் 12 புள்ளிகளும், பத்தாண்டுகளாகப் பட்டத்தைத் தக்கவைத்திருந்த அனத்தோலி கார்ப்போவ் 11 புள்ளிகளும் பெற்றிருந்தனர். காஸ்பரோவுக்குச் சமநிலையே போதும். கார்ப்போவ் வென்றால் புள்ளிகள் சமமாகும். பட்டமும் அவரிடமே இருந்துவிடும்.

கறுப்புக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ் சிசிலியன் தற்காப்பைத் தேர்ந்தெடுத்தார். இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொள்ள வழிவிடும் கூர்மையான தற்காப்பு அது. சமநிலை போதும் என்றிருப்பவர் இத்தகைய ஆபத்தில் இறங்கலாமா? இறங்கியதே சரி. காய்களை ஒடுக்கி வைத்துக் காத்திருந்தால், மெல்ல மெல்ல நெருக்கி வெல்வதில் வல்லவரான கார்ப்போவுக்கு அதுவே வாய்ப்பாகியிருக்கும். அதே போட்டியின் 16ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் சிசிலியனை ஆடித்தான் வென்றிருந்தார். பழகிய ஆயுதத்தை இறுதி நாளில் ஏன் கீழே வைக்க வேண்டும்?

கூர்மையாக ஆடுவது கண்மூடித்தனமாக ஆடுவதன்று. 30ஆவது நகர்த்தலில் காஸ்பரோவ் தம் குதிரையை முன்பிருந்த கட்டத்திற்கே திருப்பினார். இருவரும் அதே நகர்த்தல்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆட்டம் சமநிலையில் முடியும். கார்ப்போவுக்கோ வெற்றி தேவை. அவர் யானையை ஓரத்திற்கு நகர்த்தினார். அவரைக் குறைகூறவும் முடியாது. உடனே காஸ்பரோவ் தம் ராஜாவுக்குக் காவலாக நின்ற சிப்பாயை முன்தள்ளிப் பலிகொடுத்தார். அடைபட்டிருந்த அவருடைய காய்களுக்கு வழி பிறந்தது.

42ஆவது நகர்த்தலுடன் கார்ப்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 13க்கு 11 என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.