உயரம் மட்டும் போதுமா?

டென்னிஸ் ஆடும் மகளின் எதிர்காலத்தை அவளது உயரத்தைக் கொண்டே கணிக்கும் பெற்றோர் பலர். முதல் அடியை வேகமாக அடிக்க உயரம் உதவும் என்பது மெய்யே. ஆயினும், 166 சென்ரிமீற்றர் உயரமே உடைய அவுஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி 2021இல் விம்பிள்டன் பட்டம் சூடினாரன்றோ! பந்தின் திசையைக் கண் உணர்ந்ததும் கால் பாய்தல், பாய்ந்த கால் சட்டென நின்று திரும்புதல், கண்ணும் கையும் ஒத்து இயங்குதல் ஆகியனவும் இவ்வாட்டத்திற்கு இன்றியமையாதவை.

இன்னொன்றும் கருதத்தக்கது. 12 வயதில் முந்தி வளர்ந்த சிறுமி தன் வயதினரை எளிதில் வெல்லக்கூடும். அது திறமையின் வெற்றியா, வளர்ச்சியின் வெற்றியா என்பதைக் காலமே காட்டும். பிந்தி வளர்பவளை அதற்காக ஒதுக்குதல் தகாது.

எலும்பு வளரும் பருவத்தில் அளவு மீறிய பயிற்சியும் கேடு விளைவிக்கும். 1979இல், 16 வயதிலேயே அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தை வென்றவர் டிரேசி ஆஸ்டின். முதுகு நோயும் காயங்களும் வருத்தியமையால், 22 வயது நிரம்புமுன்னரே அவர் பெரும் போட்டிகளிலிருந்து ஒதுங்க நேர்ந்தது.

ஆதலின் தாய்மாரே, கயிறடித்தல், ஓடிப்பிடித்தல், பந்தெறிந்து பிடித்தல் ஆகியவற்றை மகளுக்கு முதலில் பழக்குங்கள். முதுகு நோகிறதென்று அவள் சொன்னால், அதைச் சாக்கென்று எண்ணாது, மட்டையை அன்றே வாங்கி வையுங்கள்.