சனி மேல் என்ன கோபம்?



அரியர் விழுந்தால் நம்மில் பலர் முதலில் சொல்வது, "எனக்கு ஏழரைடா மச்சான்!" பேப்பரில் எழுதாத பதிலுக்குச் சனி என்ன செய்யும்?

நான் பத்தாவது முடித்தபோது எனக்கும் ஏழரை ஆரம்பம் என்றார் எங்க ஊர் ஜோசியர். மூட்டை தூக்கும் எங்கப்பா பயந்துவிட்டார். "இப்ப காசு கட்டினா விளங்காது, ஏழரை முடியட்டும்" என்றார். அம்மாதான், "அது முடியறப்ப இவனுக்கு இருபத்திமூணு வயசு. அப்ப யாரு சேத்துக்குவாங்க?" என்று கேட்டுவிட்டு, தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான்.

ஏழரைக் கணக்கில் தப்பில்லை. சனி சூரியனைச் சுற்றிவர சுமார் 29½ வருஷம். 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய 2½. மூன்று ராசிக்கு 7½. வெறும் கண்ணால் பார்த்தே இதைக் கணித்தவர்களுக்கு ஒரு சல்யூட்! ஆனால் அந்தக் கணக்கு, கிரகம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். என் அட்மிஷனைப் பற்றி அதில் எங்கே இருக்கிறது?

சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது சனி. பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். கால் வைத்து நிற்கத் தரையே கிடையாது! பூமியைப்போல் 95 மடங்கு நிறை இருந்தும் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.69 கிராம்தான், தண்ணீரைவிடக் குறைவு. 'மந்தன்' என்று பேர் வைத்தோம்; அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 11 மணி நேரம்கூட ஆவதில்லை. அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கிக் கிடக்கிறது. வளையங்களோ பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள்.

சனியைத் தாண்டியும் இரண்டு பெரிய கிரகங்கள் உண்டு. யுரேனஸை 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். அதன் பாதை கணக்குக்கு ஒத்துவரவில்லை. அதை இழுப்பது எது என்று லெவெரியே காகிதத்திலேயே கணக்குப் போட்டார். 1846-ல் பெர்லினில் காலே டெலஸ்கோப்பைத் திருப்பினார். சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் அகப்பட்டது! நவக்கிரகத்தில் இந்த இரண்டும் இல்லை. இவற்றுக்குப் பயந்து யாராவது பரீட்சை ஃபீஸ் கட்டாமல் இருந்தார்களா?

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். படிப்பைத் தள்ளிப்போடச் சனியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்கிறேன்.

பேரவை நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. ஆண்டு விழா லைட் மியூசிக் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, கல்லூரிக்கு ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்குங்கள். சனியின் வளையம் அதிலேயே தெரியும். முதல் நாள் எங்கப்பாவைக் கூட்டி வருகிறேன்.