நீலப்பழமும் நீரிழிவுக் குளிசையும்

எமது அயலில் வாழும் மூதாட்டி ஒருவர், நீரிழிவுக்கென வைத்தியர் எழுதிக்கொடுத்த குளிசைகளைச் சென்ற மாரிகாலத்தில் எவருக்கும் சொல்லாமல் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அவற்றுக்குப் பதிலாக அவர் நம்பியது, உறவினர் ஒருவர் வாங்கிக்கொடுத்த புளூபெரிச் சாற்றுக் குளிசைகளை. ஆய்வுகளால் நிறுவப்பட்டது என்று போத்தலின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. மூன்று மாதங்களின் பின்னர் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவரது மகள் என்னிடம் கேட்டார்: "சேர், உந்த ஆராய்ச்சியெல்லாம் பொய்யோ?"

ஆய்வுகள் பொய்யல்ல. ஆய்வு கூறியது ஒன்று, போத்தல் கூறியது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எம்மவர் அறிந்துகொள்ளாதவிடத்து அதற்கான விலையைச் செலுத்துவது பணப்பை மட்டுமன்று.

பெரிப்பழங்கள் பற்றிய இன்றைய ஆரவாரத்தின் தொடக்கங்களுள் ஒன்று 1999ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் வெளியானதோர் எலி ஆய்வு. முதுமையடைந்த எலிகளுக்கு எட்டு வாரங்கள் புளூபெரி, ஸ்ரோபெரி, பசளிக்கீரை ஆகியவற்றின் சாரத்தை உணவுடன் கலந்து கொடுத்தபோது அவற்றின் நினைவாற்றலில் முன்னேற்றம் காணப்பட்டது. புளூபெரி உண்டவை உடற்சமநிலையிலும் தேறின. எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதற்குப் பத்திரிகைகளுக்கு ஒரு நாள் போதும். அறிவியலுக்கோ பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

2013இல் அமெரிக்கத் தாதியர் பற்றிய பேராய்வின் முடிவொன்று வெளிவந்தது. 93,600 பெண்கள் பதினெட்டு ஆண்டுகள் அவதானிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று தடவைகளுக்கு மேல் புளூபெரியோ ஸ்ரோபெரியோ உண்டவர்களிடத்தில் மாரடைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. செய்தித்தாள்கள் இந்த மூன்றிலொன்றையே தலைப்பாக்கின. ஆயினும் அந்த 93,600 பேரில் பதினெட்டு ஆண்டுகளிலும் மாரடைப்புக்கு உள்ளானோர் 405 பேர் மட்டுமே. அதாவது ஆயிரம் பேரில் சற்றேறக்குறைய நால்வர். நால்வரில் மூன்றிலொரு பங்கு என்பது ஆயிரத்தில் ஒருவரைச் சற்றே தாண்டும் கணக்கு. அது அற்பமன்று, அற்புதமும் அன்று. அந்தப் பெண்களுள் மிகப்பெரும்பாலோர் வெள்ளையினத்தவர், கல்வியும் நிலையான வருமானமும் உடையவர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பெரிப்பழம் வாங்கி உண்பவர் பொதுவில் நடைப்பயிற்சியும் செய்பவர், புகைபிடியாதவர். ஆய்வாளர் இவற்றையெல்லாம் கழித்துக் கணக்கிட்டே முடிவு சொல்கின்றனர் என்பது உண்மை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் கணக்கில் கழித்துவிட முடியாது.

ஆகவே அவதானிப்பு போதாது, பரிசோதனை வேண்டும். 2019இல் இங்கிலாந்தின் நோர்விச் நகரப் பல்கலைக்கழகத்தினர் அதனைச் செய்தனர். வயிற்றுப்பருமன், உயர் இரத்த அழுத்தம் போன்ற பல கோளாறுகள் ஒருங்கே கொண்ட, ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரான 115 பேர் ஆறு மாதங்கள் இதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 150 கிராம் புளூபெரிக்குச் சமமான உலர்தூள், இன்னொரு பகுதியினருக்கு அதில் பாதி, மூன்றாமவருக்கு நிறத்திலும் சுவையிலும் அதனை ஒத்த வெறுந்தூள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. 150 கிராம் உண்டவர்களின் இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை மேம்பட்டது. பாதியளவு உண்டவர்களிடத்தில் அப்பயன் இல்லை. இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்போ எவரிடத்திலும் மாறவில்லை.

அந்த மூதாட்டியின் நோய்க்குரிய வாக்கியம் இந்தக் கடைசி வாக்கியமே. அது போத்தலில் இல்லை.

இவ்வாய்வுக்கு நிதி வழங்கியோருள் அமெரிக்கப் புளூபெரிச் செய்கையாளர் சபையும் ஒன்று. அதனால் ஆய்வு பொய் என்று நான் கூறமாட்டேன். தமக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் எழுதியமைக்காக அவ்வாய்வாளர்களைப் பாராட்டவே வேண்டும். ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகின்றது, எது கேட்கப்படாமலே போகின்றது என்பதைப் பணமே பெரிதும் தீர்மானிக்கின்றது. எங்கள் ஊர் நாவற்பழத்திலும் அந்தோசயனின் எனப்படும் அதே கருநீல நிறப்பொருள் உண்டு. கத்தரிக்காய்த் தோலிலும் ஊதாக்கோவாவிலும் அக்குடும்பத்து நிறப்பொருள்கள் உள்ளன. கத்தரிக்காய்க்காக 115 பேரை ஆறு மாதம் பரிசோதிக்க எந்தச் சபை முன்வரும்?

போத்தல்காரர்களின் பழைய ஆயுதம் ஒன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். உணவுப்பொருள்களின் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றலைச் சோதனைக்குழாயில் அளந்து, அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2007இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. பெரிப்பழங்கள் அதில் உயர்ந்த இடம் பெற்றன. வணிகர்கள் அந்த எண்களை விளம்பரங்களில் ஏற்றினர். 2012இல் திணைக்களமே அவ்வட்டவணையை மீளப்பெற்றது. சோதனைக்குழாயில் நிகழ்வதைக் கொண்டு உடலினுள் நிகழ்வதை ஊகிக்க முடியாது, எண்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதே அது கூறிய காரணம். வெளியிட்டவர் கைவிட்ட பின்னரும் அந்த எண்களை எடுத்துக்காட்டும் விற்பனையாளர் உள்ளனர்.

அவ்வாறாயின் பெரிப்பழம் உண்ண வேண்டாமா? தாராளமாக உண்ணுங்கள். ஆனால் பழமாக உண்ணுங்கள். 2013இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, புளூபெரி, திராட்சை, அப்பிள் ஆகியவற்றை முழுப்பழமாக உண்டோரிடத்தில் நீரிழிவு ஏற்படுதல் குறைவாகவும், பழச்சாறு அருந்தியோரிடத்தில் அதிகமாகவும் இருக்கக் கண்டது. இதுவும் அவதானிப்பே. எனினும் வீட்டுக்கு வந்தவர்க்கெல்லாம் பெரிய குவளையில் பழச்சாறு வார்த்துக்கொடுப்பதை உபசாரமென்று கருதும் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

அங்காடியின் சிறு பெட்டிக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. உறையவைத்த பழம் மலிவு, அதன் நிறப்பொருளும் பெரும்பாலும் கெடுவதில்லை. நோர்வேயில் வாழ்வோர்க்கு அதுவும் தேவையில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடப்படாத காட்டுநிலத்தில் பழம் பறிக்கும் உரிமையை எல்லோருக்கும் அளித்துள்ளது. பிரசாவுரிமை கேட்காத சட்டம் அது. 2010ஆம் ஆண்டு ஆவணியில், விசாரணைக் கடிதத்துக்காக நாங்கள் காத்திருந்த அகதி முகாமின் பின்புறக் காட்டில் வாளி வாளியாகப் பறித்தோம். (வடக்கில் மஞ்சள் நிற முல்த்தேப் பழத்துக்குத் தனி விதிகள் உண்டு. காணிக்காரரைக் கேட்டுப் பறிப்பது நல்லது.) கடையில் விற்கும் அமெரிக்க இனப் பழத்தை வெட்டினால் உள்ளே வெண்மை. காட்டுப்பழமோ உள்ளும் கருநீலம், விரலிலும் நாவிலும் ஒட்டிக்கொள்ளும். போத்தல் விற்பவர் தேடும் நிறப்பொருள் அதில்தான் மிகுதி.

பழம் ஒரு சமூகத்தின் நலத்தில் எந்த இடத்தை வகிக்க முடியும் என்பதற்குப் பின்லாந்தின் வட கரேலியா மாகாணம் நல்ல சான்று. 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள ஆண்கள் நடுவயதிலேயே இதயநோயால் மடிந்துகொண்டிருந்தனர். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. பட்டரைக் குறைத்தனர், உப்பைக் குறைத்தனர், புகைத்தலை எதிர்த்தனர். பால் விற்றுப் பிழைத்த விவசாயிகள் தம் வாழ்வு போய்விடும் என அஞ்சியபோது, பெரிப்பழச் செய்கைக்கு மாற அவர்களுக்கு உதவினர். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது வீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. அங்கே பழம் தனியாக நின்று எதையும் செய்யவில்லை. வைத்தியர், ஊர்ப்பெண்கள், கடைக்காரர், பால்காரர் அனைவரும் சேர்ந்து மாற்றிய சமையலறையில் அதுவும் ஒரு பொருளாக இருந்தது.

ஒஸ்லோவில் குடியேறிய இலங்கையர் மத்தியில் நீரிழிவு நோர்வேஜியரைக் காட்டிலும் மிகுதி என்பதை அந்நகரில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எமது சங்கங்கள் ஆண்டுவிழாக்களுக்கு மண்டபம் எடுக்கின்றன. அதே மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அமர்த்தி, முதியவர்களின் குளிசைப் பெட்டிகளைத் திறந்து பார்க்கச் செய்தால் என்ன செலவாகும்?

மூதாட்டி இப்போது மெற்போமினை முழு அளவில் எடுக்கின்றார். ஒவ்வொரு காலையும் மகள் எண்ணிக் கொடுக்கின்றார். போத்தல் இன்னமும் அலுமாரியில் இருக்கின்றது. காசு கொடுத்து வாங்கியதை எறிய அவருக்கு மனம் வரவில்லை.