வளையலை அடகு வைக்கும் முன்

நம் தோழர் ஒருவரின் மகள் மும்பையில் அனிமேஷன் வேலை பார்க்கிறாள். இப்போது வீடியோ கேம் செய்யக் கற்கிறாள். மூன்று மாதத் தீவிரப் பயிற்சியாம். கட்டணத்துக்காகத் தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. கற்பதை வரவேற்கிறோம், வளையல் போனதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

சினிமாவில் விநாடிக்கு 24 படம். எது எப்போது வரும் என்பதை வரைகிறவரே தீர்மானிக்கிறார். கேமில் ஆடுகிறவர் பொத்தானை அழுத்திய கணத்தில் ஓடும் உருவம் நிற்க வேண்டும், நிற்பது தாவ வேண்டும். கால அட்டவணைப்படி ஓடும் வண்டி வேறு, பயணி நினைத்தபோது சங்கிலி இழுக்கும் வண்டி வேறு அல்லவா? அந்த இழுப்புக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் புரோகிராம். வரையத் தெரிந்தவருக்கு அது ஒன்றே புதுப் பாடம். மூன்று மாதத்தில் அடிப்படை வரும். வேலை வருமென்று யார் உத்தரவாதம் தருவது?

கருவிகளுக்கோ காசே வேண்டாம். பிளெண்டர், கோடோ இரண்டும் இலவசம். யூனிட்டி கம்பெனி 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கேம்களுக்கு இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் என்று அறிவித்தது. கேம் செய்வோர் கொதித்தெழுந்தனர். 2024 செப்டம்பரில் கம்பெனி அதை வாபஸ் வாங்கியது. தொழிற்சங்கக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணம் கட்டுமுன், முந்தைய அணியினர் செய்த கேமைக் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சங்க வாசகசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. ஞாயிறு மாலை பிள்ளைகளை அனுப்புங்கள். பந்து குதிக்கும் சின்னக் கேம் ஒன்றை முடிக்கட்டும். கட்டணம் பற்றி அப்புறம் பேசுவோம்.