யானை சறுக்கிய கதை

ஜனவரி வந்தால் இங்கிலாந்துக் கால்பந்துக்குப் பக்தி முற்றிவிடும். எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில்தான் பெரிய கிளப்புகள் களமிறங்கும். கேமரா ஏதோ ஒரு சிற்றூர் மைதானத்தின் தகரக் கூரையையும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்து பிடிக்கும் கோல்கீப்பரையும் தேடிக் கண்டுபிடிக்கும். வர்ணனையாளரின் குரல் தழுதழுக்கும். இதுதான் கோப்பையின் மாயம், இங்கே யாரும் யாரையும் வீழ்த்தலாம் என்பார். நம்மூரில் கண்விழித்துப் பார்ப்பவர்கள் ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று அதற்குத் தமிழில் உரை சொல்வார்கள்.

சறுக்கும்தான். ஆனால் சறுக்கிய யானை எழுந்து தன் கரும்புத் தோட்டத்துக்கே போய்விடுகிறது. அதைச் சறுக்க வைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1996 முதல் 2025 வரை 30 இறுதியாட்டங்கள். மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி ஆகிய ஐந்து கிளப்புகள் மட்டும் 26 முறை கோப்பையைத் தூக்கின. மிச்சம் நான்கு: போர்ட்ஸ்மத், விகன், லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ். இந்த நான்கும்கூட அப்போது பிரீமியர் லீக்கில் ஆடியவைதான். முதல் டிவிஷனுக்கு வெளியிலிருந்து வந்து கோப்பையை வென்ற கடைசி அணி வெஸ்ட் ஹாம், ஆண்டு 1980. இதே 30 ஆண்டுகளில் லீக் பட்டத்தை அந்த ஐவர் 29 முறை வென்றார்கள். ஆக, பணக்காரர்களின் லீக்குக்கும் ஏழைகளின் கோப்பைக்கும் உள்ள வித்தியாசம் மூன்றே மூன்று பட்டம்!

‘அந்தக் காலத்தில் அப்படி இல்லையே’ என்பார்கள். அந்தக் காலத்துக்கே போவோம். சார்லஸ் ஆல்காக்கின் யோசனையில் 1871-ல் பிறந்து, 15 கிளப்புகளோடு தொடங்கிய போட்டி இது. முதல் 11 கோப்பைகளும் கனவான்களின் அணிகளுக்கே போயின. 1883-ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வீழ்த்தியது. வெற்றி கோலைப் போட்டவர் நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி. மாயத்தின் முதல் அத்தியாயம் என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அணிக்கு உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவர் பணம் போட்டிருந்தார். இறுதியாட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களை பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். கனவான்கள் பொழுதுபோக்காக ஆடியதை இவர்கள் தொழிலாக ஆடினார்கள். வென்றது கூலியும் உழைப்பும். அதே ஊரின் பணக்கார அணியான ரோவர்ஸோடு ஈடுகொடுக்க முடியாமல், வென்ற ஆறாம் ஆண்டிலேயே, 1889-ல், ஒலிம்பிக் கிளப் மூடப்பட்டது. கோப்பை அதைக் காப்பாற்றவில்லை.

மாயத்தின் மூலவிக்கிரகம் என்றால் அது 1972 பிப்ரவரி 5. ஹெரஃபோர்டு ஊரின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம் முழுக்கச் சேறு. லீக்கிலேயே இல்லாத ஹெரஃபோர்டு, முதல் டிவிஷன் நியூகாசிலிடம் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, தச்சு வேலை தெரிந்த ரானி ராட்ஃபோர்டு முப்பது கஜத்திலிருந்து ஓங்கி உதைக்கிறார். பந்து வலையின் மேல்மூலைக்குப் போகிறது. குளிர்க்கோட்டு மாட்டிய சிறுவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஓடிவருகிறார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் இன்னொரு கோல் போட, 2-1. இன்றும் மூன்றாம் சுற்று வந்தால் இந்தக் காட்சியைப் போடாமல் விடமாட்டார்கள். அந்த ஹெரஃபோர்டு யுனைடெட் கிளப்பையே 2014 டிசம்பரில் கடனுக்காக நீதிமன்றம் கலைத்துவிட்டது என்பதை யாரும் சேர்த்துக் காட்டுவதில்லை.

இப்போது தோற்ற அணி ஒன்றைப் பாருங்கள். 2005 ஜனவரியில் எக்ஸிட்டர் சிட்டி லீக்கிலிருந்து கீழே விழுந்து, கடனில் தவித்து, ரசிகர்கள் கூட்டாக நடத்திவந்த கிளப். ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று கட்டி நிறுத்தியது. ஊர் திரும்பி ஆடிய மறுஆட்டத்தில் 0-2 என்று தோற்றது. யானை சறுக்கவே இல்லை. ஆனால் லீக் ஆட்டத்தின் வசூல் சொந்த மைதானக்காரருக்கே. கோப்பை ஆட்டத்தின் வசூலில் இரு அணிக்கும் பங்கு உண்டு. அந்த இரண்டு ஆட்டங்களின் டிக்கெட் பணமும் தொலைக்காட்சிப் பணமும் கிளப்பைக் கடனிலிருந்து மீட்டன. 2008-ல் எக்ஸிட்டர் லீக்குக்குத் திரும்பியது. இன்றும் அது ரசிகர்களின் கிளப்தான். சிறிய கிளப்புக்கு இந்தக் கோப்பை தந்த உண்மையான வரம் இது: பெரியவனிடம் சமன் செய்தால் இன்னொரு ஆட்டம், இன்னொரு வசூல்.

அந்த வரத்தைத்தான் பறித்தார்கள். 2024-25 முதல் பிரதானச் சுற்றுகளில் மறுஆட்டமே கிடையாது என்று 2024 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. எங்களைக் கேட்கவே இல்லை என்று கீழ்டிவிஷன் கிளப்புகள் கொதித்தன. அடித்தட்டு ஆட்டத்துக்குக் கூடுதல் நிதி தருகிறோமே என்பது மேலிடத்தின் பதில். ஆடிச் சம்பாதிப்பது கூலி, பார்த்துப் போடுவது பிச்சை. இரண்டும் ஒன்றாகுமா?

ஆட்டக்காரர்கள் களைத்துப் போகிறார்கள் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் அதைச் சொல்லத் தகுதி வேண்டும். அறிவிப்பு வந்த அடுத்த மாதம், லீக் சீசன் முடிந்த மூன்றாம் நாள், நியூகாசிலும் டாட்டன்ஹாமும் உலகின் மறுகோடியில், மெல்போர்னில், காட்சி ஆட்டம் ஆடின. மே 22. ஹெரஃபோர்டு வரை போகக் களைத்த கால்களுக்கு ஆஸ்திரேலியா வரை போகத் தெம்பு இருக்கிறது.

ஹெரஃபோர்டு என்றதும் விட்டுப்போன ஒரு விவரம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சேற்று மைதான ஆட்டம் ஒரு மறுஆட்டம். முதல் ஆட்டம் நியூகாசிலில் நடந்தது, 2-2. இன்றைய விதி அன்றிருந்தால் கூடுதல் நேரம், பெனால்டி என்று கதை அங்கேயே, நியூகாசில் ரசிகர்களின் கண்ணெதிரிலேயே முடிந்திருக்கும். ராட்ஃபோர்டு அந்தச் சேற்றில் கால் வைத்திருக்கவே மாட்டார். அடுத்த ஜனவரியிலும் அவர் கோலைத்தான் போட்டுக் காட்டப்போகிறார்கள்.